வெள்ளைக் காக்கை உண்டு

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆளைப் பற்றி நம் ஊரில், "வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குதுன்னு சொன்னாலும் தலையாட்டுவான்" என்பார்கள். மல்லாக்கப் பறப்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் வெள்ளைக் காக்கை உண்டு. இந்தியாவில் பல ஊர்களில் பறவை ஆர்வலர்கள் அதைப் பார்த்துப் படம் பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

காக்கை மட்டுமா? வெள்ளை நாகம் பிடிபட்டது, வெள்ளை மான் தென்பட்டது, வெண்மயில் வந்து நின்றது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படத்துக்குக் கீழே தவறாமல் 'அல்பினோ' என்று ஒரு முத்திரை இருக்கும். பல நேரங்களில் அந்த முத்திரை தப்பு. ஒரு விலங்கு வெளுத்துப் பிறப்பதற்கு ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் இருக்கின்றன. எந்தக் காரணத்தால் வெளுத்தது என்பதைப் பொறுத்து அதன் பார்வை மாறும், கேள்வி மாறும், ஆயுள்கூட மாறும். நிறம் போகும்போது வேறு எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறது? இன்று நான் பேச வந்தது இதைத்தான். அந்த வெண்மையால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் நடுவில் வந்து நிற்கும். அதையும் விடப்போவதில்லை.

முதலில் அடிப்படை. பாலூட்டிகளின் தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் கரும்பழுப்பும் தருவது யூமெலனின். மஞ்சளும் செம்பழுப்பும் தருவது ஃபியோமெலனின். புலியின் கோட்டில் முதலாவது, கோடுகளுக்கு இடையே உள்ள செம்மஞ்சளில் இரண்டாவது. இரண்டுக்கும் மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். அதை மெலனினாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. இந்த உற்பத்தி நடப்பது மெலனோசைட் எனப்படும் தனிவகை உயிரணுக்களில். இந்த உயிரணுக்கள் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை. கரு உருவாகும்போது முதுகுத்தண்டு வரவிருக்கும் இடத்தின் ஓரமாக ஒரு முகடு தோன்றுகிறது. அங்கிருந்து கிளம்பி, முதுகுப்பக்கமிருந்து வயிறு நோக்கி, கால் நுனி, வால் நுனி, நெற்றி வரை அவை நகர்ந்து போய்க் குடியேறுகின்றன.

வீட்டுச் சுவர் வெள்ளையாகவே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டர் வராமலே இருந்திருக்கலாம். அல்லது வந்து ஏணியும் போட்டு நின்றார், டப்பாவைத் திறந்தால் உள்ளே பெயின்ட் இல்லை என்றும் இருக்கலாம். முதலாவது லூசிசம்: நிறம் செய்யும் உயிரணு அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போய் நிலைக்கவில்லை. இரண்டாவது அல்பினிசம்: உயிரணு எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் அதனால் மெலனின் செய்ய முடியவில்லை. அல்பினிசம் ஒரே உடலுக்குள் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போகாது, ஏனென்றால் பிழை எல்லா உயிரணுவிலும் உள்ள மரபணுவில் இருக்கிறது. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை இறகுள்ள பறவையைப் 'பகுதி அல்பினோ' என்று எழுதுவதில் பொருளே இல்லை.

வித்தியாசம் காண எளிய வழி கண்ணைப் பார்ப்பது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கறுப்புப் படலம் அந்த முகட்டிலிருந்து பயணம் வந்த உயிரணுக்களால் ஆனதல்ல. அது மூளையின் புடைப்பிலிருந்தே உருவாவது. அதனால் லூசிசம் உள்ள விலங்குக்கு உடம்பு முழுக்க வெளுத்திருந்தாலும் கண் பெரும்பாலும் கருமையாகவோ நீலமாகவோ இருக்கும். அல்பினோவுக்கு அங்கேயும் மெலனின் இல்லை. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள்தான் தெரியும், கண் சிவந்து தோன்றும். பூங்காக்களில் நாம் பார்க்கும் வெண்மயில் ஒன்றுக்காவது சிவந்த கண் இருக்கிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள்.

லூசிசத்துக்கு ஒரு பழைய சாட்சி, மெக்சிகோ ஏரியில் வாழும் ஆக்ஸலாட்டில் என்ற நீர்வாழ் உயிரி. 1864இல் அது பாரிஸுக்குக் கப்பலில் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளை ஆணும் இருந்தது. இன்று உலகத்தின் ஆய்வுக்கூடங்களிலும் மீன் தொட்டிகளிலும் நீந்தும் வெள்ளை ஆக்ஸலாட்டில்களுக்கு அதுவே மூதாதை. இளஞ்சிவப்பு உடல், கறுப்புக் கண்மணி. கருவாக இருக்கும்போதே பார்த்தால் நிற உயிரணுக்கள் முதுகோரத்தில் கிளம்புவது தெரியும். விலாவுக்கு இறங்கும் பாதையில் அவற்றை வாவென்று அழைக்கும் ரசாயனச் செய்தி கிடைக்காததால் அங்கேயே நின்றுவிடும்.

அல்பினிசத்தின் பக்கம் சுவையான சாட்சி சியாமிஸ் பூனை. பார்த்திருப்பீர்கள்: உடல் சந்தன நிறம், முகம், காது, பாதம், வால் மட்டும் கரும்பழுப்பு. இதை யாரும் பெயின்ட் அடித்தாற்போல இனக்கலப்பில் வரைந்து எடுக்கவில்லை. அந்தப் பூனையின் டைரோசினேஸ் நொதி சூட்டைத் தாங்காதது. உடம்பின் நடுப்பகுதி வெதுவெதுப்பில் அது செயலிழந்துவிடும். காதும் பாதமும் வாலும் சற்றுக் குளிர்ந்திருப்பதால் அங்கே மட்டும் வேலை செய்யும். குட்டிகள் ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும், ஏனென்றால் தாயின் வயிற்றுக்குள் எல்லா இடமும் சூடு. பிறந்து சில நாளில்தான் காதோரம் கறுக்கத் தொடங்கும். இதே நொதி உள்ள ஹிமாலயன் முயலின் முதுகில் ரோமத்தை மழித்து, அந்த இடத்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருந்து பார்த்தார்கள். அங்கே கறுப்பு ரோமம் முளைத்தது. ஆக சியாமிஸ் பூனையும் ஒருவகையில் அல்பினோதான், பாதி நேர அல்பினோ. பூனை வளர்க்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா அல்பினோவும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறகில் பச்சை நிறமி எதுவும் கிடையாது. மஞ்சள் நிறமி ஒன்று இருக்கிறது. இறகின் நுண்ணமைப்பும் அதன் பின்னால் உள்ள மெலனினும் சேர்ந்து நீலத்தைக் காட்டுகின்றன. மஞ்சளும் நீலமும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சை. மெலனின் போனால் நீலம் போகும், மிச்சம் மஞ்சள் கிளி. மஞ்சள் நிறமி போனால் நீலக்கிளி. இரண்டும் போனால்தான் வெள்ளை. வெள்ளை நாகத்திலும் லேசாக மஞ்சள் ஓடுவதற்குக் காரணம் இதைப் போன்றதே. ஊர்வனவற்றின் தோலில் மெலனின் தவிர வேறு நிற உயிரணுக்களும் உண்டு.

இனி காக்கைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் பறவைத் தொகுப்பைக் கவனிக்கும் ஹைன் வான் கிரவ், பறவைகளின் நிறப் பிறழ்வுகளை வகைப்படுத்துவதில் பல ஆண்டு உழைத்தவர். பறவைகளில் வெள்ளை இறகு தோன்றுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் லூசிசமும் அல்ல, அல்பினிசமும் அல்ல, நரை என்கிறார் அவர். ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் சில இறகுகள் நிறமில்லாமல் வரும். ஆண்டுக்கு ஆண்டு அது பெருகும். இன்னொரு காரணமும் உண்டு: தீனி. குஞ்சாக இருக்கும்போது சத்துக் குறைந்த உணவை உண்டு வளர்ந்த காக்கையின் சிறகில் வெளுத்த பட்டைகள் தெரியலாம். நகரத்துக் குப்பையை நம்பி வாழும் பறவைக்கு இது நேர்வதில் வியப்பில்லை. தீனி சரியானால் அடுத்த இறகு கறுப்பாகவே முளைக்கலாம்.

முன்பு சொன்ன பெயின்ட் உவமையை இந்த இடத்தில் கைவிட வேண்டியிருக்கிறது. சுவரில் பெயின்ட் இல்லாவிட்டாலும் வீடு நிற்கும். மெலனின் அப்படி வெறும் மேற்பூச்சு இல்லை. மெலனின் படிந்த இறகு, படியாத இறகைவிடக் கடினமானது, தேய்மானத்தைத் தாங்குவது. வேடந்தாங்கலுக்குப் போனால் நத்தைகுத்தி நாரையையும் சங்குவளை நாரையையும் அண்ணாந்து பாருங்கள். உடம்பு வெள்ளைதான், ஆனால் பறக்கும்போது காற்றோடு மல்லுக்கட்டும் சிறகிறகுகள் கறுப்பு. கடற்காகங்களில் பலவற்றுக்கும் சிறகு நுனி கறுப்பு. முழு வெள்ளைக் கொக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் பறக்கிறது. இது சட்டம் அல்ல, ஒரு சாய்வு, அவ்வளவுதான். ஆனால் கறுப்பு இறகுக்காகவே உருவான காக்கைக்கு வெள்ளை இறகு முளைத்தால் அது சீக்கிரம் தேய்ந்து பிய்ந்துபோகும்.

காதுக்குள்ளும் மெலனோசைட்டுக்கு வேலை இருக்கிறது என்றால் பலருக்கு ஆச்சரியம். உட்காதில் ஒலியை உணரும் உறுப்பின் சுவரில் அந்த உயிரணுக்கள் குடியிருக்கின்றன. உட்காதுத் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. அவை போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் காது பட்டுப்போகும். நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு. பூனையின் நீலக்கண்ணுக்கும் செவிட்டுக்கும் உள்ள தொடர்பை 1859இல் வெளியான தம் நூலிலேயே டார்வின் குறித்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது: ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நெடுநெடு என்ற கால்கள். 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இதுவும் இடம்பெற்றது. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பின்னால் நின்று கை தட்டினால் குட்டி திரும்பவே திரும்பாது. இந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் புள்ளியும் உள்ள குட்டிகளும் பிறந்துகொண்டுதான் இருந்தன. தூய வெள்ளைதான் வேண்டும் என்று அவற்றை அந்தக் காலத்தில் ஒழித்துக் கட்டினார்கள். வெள்ளையைப் பொறுக்கி எடுத்தவர்கள், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த செவிட்டையும் சேர்த்தே பொறுக்கி எடுத்தார்கள்.

கண்ணுக்கும் இதே கதிதான். கரு வளரும்போது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் மெலனின், அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதிலும் பங்கெடுக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் ஒரு பகுதி நரம்பு குறுக்கே கடந்து மறுபக்க மூளைக்குப் போகும், மீதி தன் பக்கத்திலேயே போகும். மெலனின் குறைந்தால் கடக்கக் கூடாத இழைகளும் கடந்துவிடும். சியாமிஸ் பூனையின் மூளையில் இந்தக் குளறுபடியை ஆர். டபிள்யூ. கில்லரி 1969இல் காட்டினார். பல சியாமிஸ் பூனைகளுக்கு மாறுகண் இருப்பது இதனால்தான். 1973இல் அவரும் ஜான் காஸும் சேர்ந்து அமெரிக்காவில் இறந்த ஒரு வெள்ளைப் புலியின் மூளையை ஆராய்ந்தார்கள். அங்கேயும் அதே குளறுபடி.

வெள்ளைப் புலி எப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1951 மே மாதம். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் ரீவா பக்கத்துக் காடு. ஒரு பெண்புலி நான்கு குட்டிகளோடு திரிகிறது. அதில் ஒன்று வெள்ளை. வேட்டையில் தாயும் மற்றக் குட்டிகளும் சுடப்பட்டு இறந்தன, வெள்ளைக் குட்டியை மட்டும் உயிரோடு பிடித்தார்கள். ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் அதற்கு மோகன் என்று பெயர் வைத்து, கோவிந்தகட் அரண்மனையில் வளர்த்தார். வளர்ந்ததும் பேகம் என்ற சாதாரண நிறப் பெண்புலியைத் துணையாக விட்டார்கள். மூன்று ஈற்று ஈன்றது. ஒன்றில்கூட வெள்ளைக் குட்டி இல்லை. ஏன் என்று இன்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது: வெள்ளை ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பிழையாக இருந்தால்தான் வெளியே தெரியும். மோகனின் குட்டிகள் எல்லாமே ஒரு பிரதியை உள்ளே மறைத்துக்கொண்டு செம்மஞ்சளாகவே பிறந்தன.

பிறகு நடந்ததுதான் திருப்பம். பேகம் ஈன்ற மகள்களில் ஒன்றான ராதாவை அதன் தகப்பனோடேயே சேர்த்தார்கள். 1958 அக்டோபர் 30ஆம் தேதி ராதா நான்கு குட்டி போட்டது. நான்கும் வெள்ளை. ராஜா, ராணி, மோகினி, சுகேசி. அதில் மோகினியை ஜான் குளூகே என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவன அதிபர் 10,000 டாலருக்கு வாங்கி வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலைக்கு அளித்தார். 1960 டிசம்பரில் வெள்ளை மாளிகை வளாகத்தில் அதிபர் ஐசனோவர் முன்னிலையில் மோகினியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காட்டில் வெள்ளைப் புலி கடைசியாகச் சுடப்பட்டதும் அதே 1958ஆம் ஆண்டில்தான். கூண்டில் பெருகத் தொடங்கியதும் காட்டில் முடிந்துபோனதும் ஒரே வருடம்.

அமெரிக்காவில் மோகினிக்குத் துணை வேண்டும். வெள்ளைக் குட்டியும் வேண்டும். சாம்சன் என்ற ஆண்புலியைக் கொடுத்தார்கள். சாம்சன் யார்? மோகனுக்கும் பேகத்துக்கும் பிறந்த பிள்ளை. ராதாவின் உடன்பிறப்பு, அதாவது மோகினிக்குத் தாய்மாமன். அப்பா ஒருவரே என்பதால் அண்ணனும்கூட. பிற்பாடு மோகினியைத் தன் மகனோடேயே சேர்த்தார்கள். உலகத்துக் காட்சிச்சாலைகளிலும் சர்க்கஸ்களிலும் பார்த்த வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் குடும்ப வரலாறு இப்படித்தான் போகிறது. 1980இல் ஒடிசாவின் நந்தன்கானனில் மோகன் வம்சத்தோடு தொடர்பில்லாத தீபக், கங்கா என்ற செம்மஞ்சள் புலிகளுக்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. புதிய வம்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தத் தீபக்கும் கங்காவும் அப்பாவும் மகளும்.

தாய்மாமன் என்றதும் அவையில் சிலர் சிரித்தீர்கள். அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நமக்கு முறை. சொத்து வெளியே போகாது, பெண் கண்காணாத இடத்துக்குப் போகாது என்று அதற்கு நியாயங்களும் சொல்வோம். யாருடைய குடும்பத்தையும் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு தாத்தாவிடம் மறைந்திருந்த ஒரு பிழைப் பிரதி இரண்டு கிளையில் இறங்கி, அந்தக் கிளைகள் மறுபடி ஒன்றுசேரும்போது இரண்டாக வெளியே வர வாய்ப்பு கூடுகிறது. அல்பினிசமும் பிறவிச் செவிடும் அப்படி வரக்கூடியவை. புலியின் மரபணு முறைமாமன் என்று பார்ப்பதில்லை, நம்முடையதும் பார்ப்பதில்லை.

வெள்ளைப் புலியின் மரபணுப் பிழை எது என்பது 2013இல்தான் தெரிந்தது. சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூ-ஜின் லுவோ குழுவினர், சிமெலாங் விலங்குப் பூங்காவில் இருந்த ஒரே குடும்பத்துப் புலிகளின் ரத்தத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். எஸ்.எல்.சி.45ஏ2 என்பது அந்த மரபணு. அது உண்டாக்கும் புரதத்தில் 477ஆம் இடத்தில் அலனீனுக்குப் பதிலாக வேலின் வந்துவிட்டது, ஒரே ஓர் அமினோ அமிலம். அதனால் செம்மஞ்சள் நிறமி அடிபட்டது, கறுப்பு பெரும்பாலும் தப்பியது. கோடுகள் நிலைத்தன, இடையில் இருந்த மஞ்சள் வெளுத்தது. கண் நீலமானது. வெள்ளைப் புலி அல்பினோ அல்ல என்பதற்கு அந்தக் கோடே சான்று.

அதே மரபணு இன்னொரு கதையிலும் வருகிறது. 1966 அக்டோபரில் அன்றைய ஸ்பானிய கினியில், இன்றைய எக்குவடோரியல் கினியில், வாழைத் தோட்டத்துக்குள் புகுந்த கொரில்லாவைச் சுட்ட பெனிட்டோ மாஞே என்ற ஃபாங் இன விவசாயி, அதன் முதுகைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார். உயிரியல் அறிஞர் ஜோர்டி சபாத்தர் பை வழியாக அது பார்சிலோனா போய்ச் சேர்ந்தது. பனித்துகள் என்ற பொருளில் கோப்பிட்டோ தெ நியேவே என்று பெயரிட்டார்கள். உலகம் அறிந்த ஒரே அல்பினோ கொரில்லா. நகரத்தின் செல்லப்பிள்ளையாகவே ஆகிவிட்டது. வெயிலில் கண் கூசும், தோலுக்குப் பாதுகாப்பு கிடையாது. தோல் புற்றுநோய் முற்றியதால் 2003 நவம்பரில் கருணைக்கொலை செய்தார்கள். அதற்குப் பிறந்த 22 குட்டிகளில் ஒன்றுகூட வெள்ளை இல்லை. நல்லவேளையாக, மகளோடு சேர்க்கும் வேலையை அங்கே யாரும் வெற்றிகரமாகச் செய்யவில்லை. 2013இல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது, பிழை அதே எஸ்.எல்.சி.45ஏ2வில் இருந்தது, ஆனால் 518ஆம் இடத்தில். பெற்றோர் நெருங்கிய உறவு என்பதும் தெரிந்தது. மாமனும் மருமகளுமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒரே மரபணு. 477இல் மாறினால் கோடு தங்கிய புலி, 518இல் மாறினால் தோல் வெந்து சாகும் கொரில்லா. குதிரையின் சந்தன நிறத்துக்கும் ஒருவகைக் கோழியின் வெள்ளி நிறத்துக்கும்கூட இதே மரபணுதான் காரணம்.

வெள்ளைப் புலி இயற்கையின் வேறுபாடுகளில் ஒன்று, காட்டிலேயே பெரிதாக வளர்ந்து வாழ்ந்திருக்கிறது, ஆகவே அது ஊனம் அல்ல என்று லுவோ குழுவினர் வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நிறம் மட்டுமே கேள்வியாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். கேள்வி, அந்த நிறத்தைத் திரும்பத் திரும்பப் பெற நாம் செய்த காரியம். அப்பன் மகள், தாய் மகன் என்று சேர்த்ததில் மாறுகண் மட்டும் வரவில்லை. வளைந்த முதுகெலும்பும் பிளந்த அண்ணமும் சிறுவயதுச் சாவும் சேர்ந்தே வந்தன. அந்தக் குட்டிகள் காட்சிக்கு வரவில்லை, அதனால் நாம் பார்க்கவில்லை. 2011இல் அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகள் சங்கம், அரிய நிறத்துக்காக வெள்ளைப் புலியையும் வெள்ளைச் சிங்கத்தையும் வேண்டுமென்றே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் 2016இல் ரீவாவுக்கு அருகே முகுந்த்பூரில் வெள்ளைப் புலிக்கென்றே ஒரு சஃபாரி திறந்தார்கள். வண்டலூரிலும் வெள்ளைப் புலியின் கூண்டு முன்தான் கூட்டம் நிற்கிறது. பிள்ளைகள் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பலகையை மட்டும் அங்கே மாட்டக் கூடாது. காக்க வேண்டிய தனி இனம் அங்கே இல்லை. புலி என்ற இனம் இருக்கிறது, அதன் ஒரு நிறம் இருக்கிறது.

காட்டில் வெள்ளை எப்போதும் நஷ்டமா? புலிக்கு நஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதற்குச் செம்மஞ்சள் புலி புல்லோடு புல்லாகத்தான் தோன்றும். வெளுத்த புலிக்கு அந்த மறைப்பு குறைவு. ஆனாலும் 2017இல் நீலகிரியில் ஒரு வெளிர்நிறப் புலி படத்தில் சிக்கியது. காடு அதையும் வளர்த்து ஆளாக்கியிருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத் தீவுகளில் கதை நேர்மாறு. அங்கே கறுங்கரடி இனத்தில் ஒரு பகுதி கரடிகள் பால் வெள்ளையாகப் பிறக்கின்றன. ஆவிக்கரடி என்பார்கள். எம்.சி.1ஆர் என்ற வேறொரு மரபணுவின் வேலை அது. மூக்கும் கண்ணும் கறுப்பாகவே இருக்கும். ஆற்றில் சால்மன் ஏறும் பருவத்தில் பகல் வேளையில் வெள்ளைக் கரடி கறுப்பை விட அதிகம் மீன் பிடிக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளிறிய வானத்தின் முன் வெள்ளைக் கால்கள் சட்டென்று தெரிவதில்லை. இரவில் அந்த அனுகூலம் கிடையாது. இன்னொரு எல்லையில் இருட்டிலேயே வாழும் உயிர்கள். கேரளக் கிணறுகளில் இறைக்கும் தண்ணீரோடு சில சமயம் மேலே வரும் ஹொராக்ளேனிஸ் என்ற சிறு கெளுத்திக்குக் கண்ணும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தச் சிவப்பு தோல் வழியே தெரியும். வெளிச்சமே இல்லாத இடத்தில் நிறத்துக்குச் செலவழிப்பானேன்?

மனிதக் கண்ணில் பட்ட வெள்ளை நிலைப்பது கடினம். வடக்கு அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒருவகை அண்டங்காக்கை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்ததால் சுட்டுச் சுட்டுப் பாடம் செய்து விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்த நிறம் அங்கிருந்து போய்விட்டது. கறுப்பு அண்டங்காக்கை இன்றும் இருக்கிறது.

கடைசியாக, நிறம் குறைந்த கதைக்கு நேரெதிரான ஒன்று. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கறுப்புக் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஓடிக் கலந்து, ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். டேக்பெப் என்ற மரபணுவில் ஓரெழுத்து மாற்றம், இதுவும் ஒடுங்கு பண்பு. சிமிலிபாலில் கேமராவில் சிக்கிய புலிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி இருந்தன. இந்தியாவின் வேறு எந்தக் காட்டிலும் இல்லை. அடைபட்ட புலிகளில் நந்தன்கானன், ராஞ்சி, நம் வண்டலூர் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இருந்தது, வேர் நந்தன்கானனில். ரீவாவில் மகாராஜா கூண்டுக்குள் செய்ததை சிமிலிபாலில் நிலமே செய்திருக்கிறது. சுற்றிலும் சுரங்கமும் சாலையும் வயலும் சூழ்ந்து, வெளிப்புலி உள்ளே வர வழியில்லாமல், இருப்பவை தங்களுக்குள்ளேயே சேர்ந்து வந்திருக்கின்றன. புலி புதுநிறத்தில் வந்தால் சுற்றுலாத்துறைக்குக் கொண்டாட்டம். வனத்துறை கவலைப்பட வேண்டிய செய்தி அது.

கவலைப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண்புலிகளைக் கொண்டுவந்து சிமிலிபாலில் விட்டார்கள். ஜீனத்துக்கு அந்த இடம் பிடிக்கவில்லை போலும். டிசம்பரில் கிளம்பி ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கத்துக்குள் நுழைந்து, மூன்று மாநில வனத்துறையையும் அலைய வைத்து, மாதக் கடைசியில் பாங்குராவில் மயக்க ஊசிக்கு அகப்பட்டது. திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இந்தப் பெண்புலிகளுக்கு சிமிலிபால் ஆண்புலிகளால் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாமே சாதாரணக் கோட்டோடுதான் இருக்கும். தகப்பன் கறுப்பாக இருந்தால் மறைந்த பிரதி ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து யாரோடு சேர்கின்றன என்பதைப் பொறுத்து, அடுத்த தலைமுறையில் கோடுகளின் கணக்கு மறுபடி தொடங்கும்.